ஏழாம் காம்பராவின் காட்சிப்பொருள்

காலை 10.40.

பிரெஞ்சுக்காரப் பெண் ஒருத்தி கயிற்றுத் தடுப்பைத் தாண்டிப் போய், அடுப்பருகே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த கிழவியின் உள்ளங்கையில் ஒரு சொக்லட்டை வைத்தாள். கை அதைப் பிடிக்கவில்லை. சொக்லட் நழுவிச் சாம்பலில் விழுந்தது. அவள் சிரித்துக்கொண்டே அதை எடுத்துத் துடைத்து, மறுபடி வைத்து, கிழவியின் விரல்களை மெல்ல மூடிவிடப் பார்த்தாள். அப்போதுதான் சிரிப்பு நின்றது. தலையை மூடியிருந்த கம்பிளி சரிந்தது. கிழவி சுவரோடு உரசியபடி பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள்.

அதற்கு முப்பத்தைந்து நிமிடம் முன்பே கொழும்பிலிருந்து வந்த ஒரு கூட்டம் அதே வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போயிருந்தது. அவர்கள் எடுத்த படங்களைப் பிறகு பொலிஸ் சேகரித்தபோது நாற்பத்தொன்று தேறின. ஒன்றில் புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, பின்னணியில் பிணம் இருக்க, கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

இறந்தவள் பெயர் வேலாயி. வயது அறுபத்தொன்று.

திம்புள்ளப் பக்கம் வெள்ளைப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயத்துக்கு நூற்று முப்பது வயது. பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும். மூன்று வருடம் முன்பு அங்கே குடியிருந்த குடும்பங்களை எழுப்பிவிட்டு, சுண்ணாம்பு அடித்து, அதைத் ‘தோட்ட மக்கள் நினைவகம்’ ஆக்கினார்கள். நுவரெலியாவுக்குப் போகிற சுற்றுலா பஸ்கள் நீர்வீழ்ச்சி, பழைய தொழிற்சாலை, தொரை பங்களா ஆகியவற்றோடு இங்கேயும் வரும். பதினொரு காம்பராக்களில் பொருட்கள். ஏழாவதில் மனுசி. கொழுந்து எடுத்து ஓய்வு பெற்ற வேலாயி அங்கே விறகடுப்பின் முன் உட்கார்ந்து ரொட்டி தட்டிக் காட்டுவாள். வாசலில் கயிறு. கயிற்றுக்கு இந்தப்பக்கம் வெளிநாட்டவர்.

*

11.25.

உப பொலிஸ் பரிசோதகர் கிருஷாந்தி ஜீப்பிலிருந்து இறங்கும்போது மூடுபனி லயத்தின் கூரைவரை இறங்கியிருந்தது. முப்பத்தாறு வயது. வலப்பனைப் பக்கத் தோட்டமொன்றில், இதே மாதிரி லயத்தில் பிறந்து வளர்ந்தவள். முதலில் அவள் கண்ணில் பட்டது பிணம் இல்லை. தண்ணீர்ப் பீலியருகே குந்தியிருந்த ஒரு ஆள். காதிலிருந்து கழுத்துக்கு ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது.

“இது யாரு?”

“மாயாண்டி. தோட்டக்காரன்,” என்றான் கொன்ஸ்டபிள் பண்டார. “இவன்தான், மேடம். மூணு வருசத்துக்கு முந்தி அந்தக் காம்பராவுல குடியிருந்தவன். அந்தம்மாவைப் பாத்து, ‘அந்த அடுப்புலயே நீ சாகணும்’னு போன மாசம் எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கான்.”

“காதுல என்ன?”

பண்டார தன் கையைப் பார்த்துக்கொண்டான்.

கிருஷாந்தி உள்ளே போனாள். முன்னறையில் அடுப்பு, ஓட்டை விழுந்த கட்டில், அழுக்கு உறை போட்ட தலகாணி, மூலையில் பித்தளைக் குடம். பின்பக்கம் சாக்குத் திரை. அதற்கப்பால் சிறிய இருட்டறை. அதிலிருந்து தேயிலை மலைக்குத் திறக்கும் பின்கதவு. தாழ் போடவில்லை.

அவள் மண்டியிட்டு வேலாயியைப் பார்த்தாள். முழுத்தலையும் நரை. இடது முழங்கை வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. சின்ன வயதில் முறிந்து, வைத்தியம் இல்லாமல் தானாக ஒட்டிக்கொண்ட எலும்பு. இமையை விலக்கினாள். வெள்ளைவிழியில் ஊசிமுனை போல ரத்தப் பொட்டுகள். மேலுதட்டின் உள்பக்கம் பல் அழுத்திய காயம். கட்டிலில் கிடந்த தலகாணியைத் திருப்பினாள். அடிப்பக்கத்தில் வெற்றிலைச் சாற்றின் சிவப்புக் கறை, உள்ளங்கை அகலத்துக்கு.

“மூச்சை அமுக்கிக் கொன்னுருக்காங்க,” என்றாள்.

பிறகு கைகளைப் பார்த்தாள். உள்ளங்கை உலர்ந்து சுத்தமாக இருந்தது. நகக்கண்களில் நாற்பது வருடம் கொழுந்து கிள்ளிய கறுப்பு மட்டும். அடுப்பருகே பேசினில் பாதி மாவு. தட்டில் வெந்த ரொட்டிகள் நாலு. மூலைக் குடத்தை எட்டிப் பார்த்தாள். அடியில் தூசியும் ஒரு செத்த பூச்சியும்.

“இந்தக் கம்பிளியையும் தலகாணியையும் உறையில போட்டு சீல் வைங்க. யாரும் உதறக்கூடாது.”

*

12.10.

வழிகாட்டி டெல்சி அழுது முடித்திருந்தாள். இருபத்தாறு வயது, கழுத்தில் செபமாலை. காலையிலிருந்து அவள் ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்கவில்லை. எப்போதும் ஏதாவது ஒரு கூட்டத்தோடுதான் இருந்திருக்கிறாள்.

“முதல் கூட்டம் எத்தனை மணிக்கு?”

“ஜெர்மன்காரங்க. ஒன்பது பத்துக்கு பஸ் வந்துச்சு. ஒன்பதே காலுக்கு ஏழாம் காம்பரா. ஒன்பது இருபத்தேழுக்கு ஃபெக்டரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன்.”

“அப்ப வேலாயி?”

“ரொட்டி தட்டிக்கிட்டிருந்தாங்க. ஒரு வெள்ளைக்காரம்மா வீடியோ எடுத்தாங்க, எனக்கும் அனுப்பினாங்க. பாருங்க.”

நேரம் 9.20. புகைமூட்டம். கம்பிளியை நெற்றிக்குக் கீழேவரை இழுத்துவிட்ட உருவம் குனிந்து ரொட்டி தட்டுகிறது. கையெல்லாம் மாவு. டெல்சியின் குரல் கேட்கிறது: ‘வேலாயிம்மா, சுகமா?’ உருவம் தலையை மட்டும் ஆட்டுகிறது. பதினெட்டு நொடி.

“பதில் சொல்லலையே.”

“அதுதான் எனக்கும் ஒரு மாதிரி இருந்துச்சு. எப்பவும் ஏதாச்சும் கிண்டல் பண்ணுவாங்க. பத்து நாளா மனசு சரியில்லாமத்தான் இருந்தாங்க. அதனால நான் பெருசா எடுத்துக்கல.”

“பத்து நாளா என்ன?”

டெல்சி தயங்கினாள். “முதலாம் காம்பராவுல ஒரு பெரிய படம் இருக்கு. வேலாயிம்மா தினமும் வந்ததும் அதைத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் அடுப்பு மூட்டுவாங்க. அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பத்து நாளைக்கு முந்தி, ‘கீழே என்ன எழுதியிருக்கு, வாசிச்சுக் காட்டு புள்ள’ன்னாங்க. வாசிச்சேன். ஒண்ணும் சொல்லல. அன்னையிலேர்ந்து கும்பிடுறதில்ல.”

“ரொட்டி மாவு இங்கயா பிசைவாங்க?”

“இல்ல மேடம், வீட்டுலயே பிசைஞ்சு பேசின்ல எடுத்துட்டு வருவாங்க. இங்க தட்டி வேக வைக்கிறது மட்டுந்தான்.”

*

12.35.

மாயாண்டி எழுந்து நின்றான். கிருஷாந்தி கைகாட்டியதும் மறுபடி உட்கார்ந்தான்.

“சாகணும்னு சொன்னீங்களா?”

“சொன்னேங்க. எங்கப்பன் பொறந்த காம்பரா அது. நாங்க தகரக் கொட்டில்ல ஒழுகிக்கிட்டுக் கெடக்கோம். அந்தம்மா அங்க ஒக்காந்து வெள்ளைக்காரனுக்கு ரொட்டி சுடுது. ஆத்திரத்துல சொன்னேன்.”

“இன்னைக்கு எங்க இருந்தீங்க?”

“இந்தப் பீலியிலதாங்க. நேத்து அந்தியில மேல பைப்பு வெடிச்சிருச்சு. லயத்துக்கு சொட்டுத் தண்ணி இல்ல. காலையில ஏழு மணியிலேர்ந்து தோண்டிக்கிட்டிருந்தேன். பத்தேகாலுக்குத்தான் தண்ணி வந்துச்சு. நடுவுல பஸ்ஸுக்கு கேட் தொறக்கப் போனது மட்டும். ஒன்பது பத்துக்குப் போயி, பஸ்ஸை நிப்பாட்ட வச்சுட்டு, ஒன்பதரைக்குத் திரும்பிட்டேன்.”

“ஒன்பதரைக்குப் பிறகு யார் அந்தக் காம்பரா வாசல் வழியா உள்ள போனது?”

“யாரும் போகலைங்க. பத்து மணிக் கூட்டம் வெளியில நின்னு பாத்துட்டுப் போச்சு. அவ்வளவுதான்.”

பின்னால் நின்ற பண்டார மூச்சை விட்டான். வேறு யாரும் போகவில்லை என்றால் போகக்கூடியவன் ஒருவன்தான். தன் கழுத்துக்குத் தானே கயிறு முறுக்குகிறான் என்பது மாயாண்டிக்குப் புரியவில்லை. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னான்.

“அதுக்கு முந்தி?”

“எட்டரைக்கு வேலாயிம்மா மாவுப் பேசினோட வந்துச்சு. பின்னாடியே இந்த எடத்துக்குப் பொறுப்பா இருக்கிற மிஸ்ஸும் உள்ள போனாங்க. சத்தம் போட்டுப் பேசல. மிஸ் எப்பத் திரும்பினாங்கன்னு நான் பாக்கல.”

“மிஸ்ஸை முன்னாடியே தெரியுமா?”

“இந்தத் தோட்டத்துப் புள்ளதாங்க. அவங்க தாத்தா இங்க கணக்கப்புள்ளையா இருந்தவரு. எங்கப்பன் அவரு பேரைக் கேட்டாலே காறித் துப்புவாரு.”

ஃபோன் அடித்தது. பொறுப்பதிகாரி. வெளிநாட்டுக் குழு ஒன்று பங்களாவில் காத்திருக்கிறது, மேலிடத்திலிருந்து மூன்று தடவை பேசிவிட்டார்கள், அந்தத் தோட்டக்காரனை அள்ளிக்கொண்டு வா, ஐந்து மணிக்குள் அறிக்கை வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார்.

“அஞ்சு மணிக்குக் கொண்டு வர்றேன் சேர்,” என்றாள் கிருஷாந்தி. யாரை என்று சொல்லவில்லை.

*

1.15.

நினைவகத்தின் பொறுப்பாளர் சுலக்ஷனாவுக்கு முப்பத்தொரு வயது. இந்த லயத்தை நினைவகமாக்கியது அவள்தான். இதற்காக வெளிநாட்டில் மேடையேறிப் பேசியிருக்கிறாள். இன்றைக்கு வந்திருக்கும் குழு சம்மதித்தால், அடுத்த வருடம் ஐரோப்பிய நகரமொன்றில் மலையக மக்களைப் பற்றிய கண்காட்சி அவள் பொறுப்பில் நடக்கும். சாம்பல் நிறப் புடவை. தோளில் கம்பளிச் சால்வை. ஈரம் காயாத கூந்தலை அள்ளி முடிந்திருந்தாள். அழுத கண்கள்.

“அவங்க எனக்கு அம்மா மாதிரி,” என்றாள். “தெரியுமா, இந்த இடத்துக்கே உயிர் அவங்கதான்.”

“காலையில எட்டரைக்கு அவங்களோட உள்ள போனீங்க.”

“ஆமா. குழு வர்றாங்க, நல்ல சேலை கட்டியிருக்கீங்களான்னு பாக்கப் போனேன். பத்து நிமிசம். அப்புறம் என் குவாட்டர்ஸுக்குப் போயிட்டேன்.”

“எந்த வழியா?”

“பின்கதவு. குவாட்டர்ஸ் அங்கதான இருக்கு, தேயிலைக்குள்ள ரெண்டு நிமிச நடை. ஒன்பது நாற்பதுக்குக் குழு வந்துச்சு. பத்து நாற்பதுக்கு டெல்சி ஓடி வர்ற வரைக்கும் பங்களாவுல அவங்களோடதான் இருந்தேன். ஆறு பேர் சாட்சி.”

“குவாட்டர்ஸுல தண்ணி இருந்துச்சா? பைப்பு வெடிச்சிருந்துச்சே.”

“எனக்குத் தனி டேங்க்.”

கிருஷாந்தி எழுதிக்கொண்டாள். “வேலாயிக்கும் உங்களுக்கும் ஏதாச்சும் சண்டை?”

“அவங்களோட யாரு சண்டை போடுவா? அந்த மாயாண்டியைத் தவிர.”

*

2.00.

முதலாம் காம்பராவில் கிருஷாந்தி அந்தப் படத்தின் முன் நின்றாள். சுவரின் பாதியை அடைத்த கறுப்பு வெள்ளைப் படம். எழுபத்து நாலாம் ஆண்டு. பஞ்ச காலம். எலும்பு துருத்திய ஒரு பெண் தோட்டத்துப் பாதையில் நிற்கிறாள். முதுகுத் துணியில் தலை தொங்கிய கைக்குழந்தை. கீழே மூன்று மொழிகளில் எழுத்து: ‘கொழுந்தெடுக்கும் தொழிலாளி கறுப்பாயி, இந்நினைவகத்தின் நிறுவுநருடைய பாட்டி. முதுகில் இருப்பது நிறுவுநரின் தாய். பஞ்சத்தை வென்று உயிர் பிழைத்தவர்கள்.’

எல்லாரும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு குழந்தையை. கிருஷாந்தி ஓரத்தைப் பார்த்தாள். படத்தின் இடது விளிம்பில், பாதி வெட்டுப்பட்டு, பத்துப் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுடைய இடது கை முழங்கையிலிருந்து வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

கிருஷாந்தி தன் ஃபோனில் அந்த ஓரத்தைப் படம் எடுத்தாள். பிறகு பண்டாரவைக் கூப்பிட்டு, சுலக்ஷனாவின் குவாட்டர்ஸுக்குப் போய்க் குளியலறையைப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். அவன் திரும்பி வந்து, வாளியில் ஒரு புடவை ஊறிக்கொண்டிருக்கிறது என்றான்.

*

4.10.

சுலக்ஷனா, டெல்சி, மாயாண்டி, பண்டார. நான்கு பேரையும் முதலாம் காம்பராவுக்கு அழைத்திருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

“நாங்க எல்லாரும் ஒரே இடத்துல தப்பு பண்ணினோம்,” என்றாள் கிருஷாந்தி. “ஒன்பது இருபதுக்கு வேலாயி உயிரோட இருந்தாங்கன்னு நம்பினோம். அதனால அதுக்குப் பிறகு யாரு எங்க இருந்தான்னு மட்டும் கேட்டோம். மாயாண்டியைத் தவிர எல்லாருக்கும் சாட்சி இருந்துச்சு.”

அவள் வீடியோவை ஓடவிட்டாள். மாவு அப்பிய கைகள் ரொட்டி தட்டின.

“டெல்சி, மாவு அப்பின கையைத் தண்ணி இல்லாம சுத்தம் பண்ண முடியுமா?”

“துடைக்கலாம். ஆனா நகத்துல ஒட்டினது போகாது. காஞ்சு வெள்ளையா நிக்கும்.”

“வேலாயி கையில ஒரு பொட்டு மாவு இல்ல. குடம் காலி. பீலியில பத்தேகால் வரைக்கும் தண்ணி இல்ல. மாவை வீட்டுல பிசைஞ்சு, வீட்டுலயே கை கழுவிட்டு வந்தாங்க. இங்க வந்த பிறகு அந்த மாவை அவங்க தொடவே இல்ல. தொடுறதுக்கு முந்தியே செத்துட்டாங்க. அப்ப வீடியோவுல இருக்கிற கை யாரோடது?”

டெல்சி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த உருவத்தைப் பார்த்துத்தான் அவள் சுகம் விசாரித்திருந்தாள்.

“கொன்னவங்களுக்கு ஒரு பிரச்சினை. எட்டரைக்கு வேலாயியோட உள்ள போனதை மாயாண்டி பாத்துட்டாரு. ஒன்பதேகாலுக்கு ஜெர்மன்காரங்க வந்து செத்த பொம்பளையைப் பாத்தா, கடைசியா கூட இருந்தது யாருன்னு கேள்வி வரும். அதனால வேலாயி இன்னும் கொஞ்ச நேரம் உயிரோட இருக்கணும். பிணத்தைச் சாக்குத் திரைக்குப் பின்னாடி இழுத்துப் போட்டுட்டு, கம்பிளியைத் தன் தலையில போட்டுக்கிட்டு, அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, வெள்ளைக்காரங்களுக்குக் காட்டினாங்க. கூட்டம் நகர்ந்ததும் பிணத்தைத் தூக்கி அதே இடத்துல உக்கார வச்சு, அதே கம்பிளியைப் போட்டு, பின்கதவால போயிட்டாங்க. மாயாண்டி சொன்னது முழுக்க உண்மை. ஒன்பதரைக்குப் பிறகு யாருமே உள்ள போகல. போக வேண்டிய வேலை அப்பவே முடிஞ்சிருச்சு.”

“யாரு வேணும்னாலும் கம்பிளியைப் போட்டுக்கலாம்,” என்றாள் சுலக்ஷனா.

“போட்டுக்கலாம். மிஸ், நீங்க இன்னைக்கு ஏன் தலைக்குக் குளிச்சீங்க?”

“குழு வருதுன்னு.”

“காலையில ஏழு மணிக்கு நீங்க தலை வாரிப் பூ வச்சிருந்ததைப் பாத்ததா பங்களா சமையல்காரர் சொல்றாரு. திரும்ப ஒன்பது நாற்பதுக்கு ஈரத்தலையோட வந்து நின்னிருக்கீங்க. இந்தப் பனியில, இந்தக் குளிருல, முக்கியமான ஆளுங்க வாசலுக்கு வர்ற நேரத்துல, எந்தப் பொம்பளை ரெண்டாந்தரம் தலையை நனைப்பா? புடவையையும் மாத்தி, பழசை வாளியில ஊறப் போட்டிருக்கீங்க.”

சுலக்ஷனாவின் கை கூந்தல் முடிச்சுக்குப் போனது. கிருஷாந்தி அதைப் பார்த்தாள்.

“நானும் லயத்துப் புள்ளதான். டவுன் ஸ்கூலுக்குப் போறப்போ பக்கத்துல ஒக்கார மாட்டாளுங்க. புகை நாத்தம்னு. கையைக் கழுவினா கை சரியாயிரும். சேலையை மாத்தினா சேலை சரியாயிரும். தலைமுடியில ஏறின விறகுப்புகை மட்டும் குளிக்காமப் போகாது. இது இங்க வர்ற தொரைமாருக்குத் தெரியாது. உங்களுக்கும் எனக்கும் தெரியும். கம்பிளியோட உள்பக்கம் நீளமான கறுப்பு முடி ரெண்டு இருக்கு. வேலாயிக்கு ஒரு கறுப்பு முடி கிடையாது. அது கண்டிக்குப் பரிசோதனைக்குப் போகுது.”

“எதுக்காக நான் அவங்களைக் கொல்லணும்?”

கிருஷாந்தி படத்தின் ஓரத்தில் விரலை வைத்தாள்.

“இந்தப் புள்ளையோட கையைப் பாருங்க. வேலாயியோட கையை நான் காலையில பாத்தேன். இந்தப் புள்ளதான் வேலாயி. நடுவுல நிக்கிறது அவங்க அம்மா. முதுகுல இருக்கிறது அவங்க தங்கச்சி. உங்க பாட்டி இல்ல. கணக்கப்புள்ள பொண்டாட்டி கூடை தூக்கிக் கொழுந்தெடுத்ததை எந்தத் தோட்டத்துல யாரு பாத்தா? மூணு வருசமா வேலாயி தன்னோட அம்மா பேருதான் கீழே எழுதியிருக்குன்னு நம்பிக் கும்பிட்டிருக்காங்க. பத்து நாளைக்கு முந்தித்தான் உண்மை தெரிஞ்சிருக்கு.”

மாயாண்டி படத்தை நெருங்கிப் பார்த்தான். முழங்கையைப் பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சுலக்ஷனா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மறுபடி பேசியபோது அவள் குரலில் அழுகை இல்லை. எரிச்சல் இருந்தது.

“ஒரு பாதிரியாரோட பெட்டியில கிடந்த படம் இது. கரையான் தின்னுக்கிட்டிருந்துச்சு. தேடிக் கண்டுபிடிச்சது நான். அவங்க அம்மாவை உலகத்துக்குக் காட்டினது நான். யாரோ ஒருத்தியோட படம்னா எவனும் நின்னு பாக்க மாட்டான். ‘என் பாட்டி’ன்னு சொன்னாத்தான் கேப்பாங்க. அப்படிச் சொன்னதாலதான் இந்த எடமே இருக்கு.”

“வேலாயி என்ன கேட்டாங்க?”

“பேரை மாத்தச் சொன்னாங்க. மாத்துறேன்னேன். குழு போகட்டும்னேன். கேக்கல. ‘இன்னைக்கு அவங்க முன்னாடி நானே சொல்லிர்றேன். எங்க தங்கச்சி பொழைக்கல, படம் எடுத்து ரெண்டாம் நாள் செத்துப் போச்சு. எங்கம்மா பேரை செக்ரோல் பேரேட்டுல வெட்டி, ரேசன் மாவு குடுக்காம விட்டது உங்க தாத்தா. அதையும் சொல்லுவேன்’னாங்க.” அவள் தோளைக் குலுக்கினாள். “தலகாணி பக்கத்துலதான் கிடந்துச்சு. அவங்க ஒண்ணும் பெருசா போராடல. அந்தக் கோணக் கையால என் புடவையைப் பிடிச்சாங்க, அவ்வளவுதான். ரெண்டு மூணு நிமிசம்.”

டெல்சி வெளியே ஓடினாள்.

கிருஷாந்தி குறிப்பேட்டைத் திருப்பினாள். எழுத வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது.

“என்ன பேரை எழுதச் சொன்னாங்க?”

“என்ன?”

“அவங்க அம்மா பேரு. உங்ககிட்ட சொல்லியிருப்பாங்கல்ல.”

சுலக்ஷனா புருவத்தைச் சுருக்கினாள். உண்மையாகவே யோசித்தாள். அதில் நடிப்பு இல்லை.

“சொன்னாங்க. ரெண்டு தரம் சொன்னாங்க. ஞாபகம் இல்ல.”

பண்டார விலங்கை எடுத்தான். மாயாண்டியின் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

*

மூன்றாம் நாள் காலை, 9.30.

வேலாயியின் மகன் கணேசமூர்த்தி கொழும்பில் ஹோட்டல் குசினியில் வேலை செய்பவன். இரவு பஸ்ஸில் வந்து, பிரேதத்தைப் பொறுப்பெடுத்து, மரணப் பதிவுக்காக நகரத்துப் பதிவாளர் முன் உட்கார்ந்திருந்தான். கிருஷாந்தி சீருடையில் அவனருகே நின்றாள்.

பதிவாளர் படிவத்தை வரிசையாக நிரப்பினார். பெயர். வயது. இடம். காரணம்.

“இறந்தவரின் தாய் பெயர்?”

“அம்மாயின்னுதாங்க எங்கம்மா சொல்லும். நான் பொறக்குறதுக்கு முந்தியே செத்துட்டாங்க. பேரு... நான் கேட்டதில்லைங்க.”

“அம்மாவோட பிறப்புச் சான்றிதழ்?”

“இல்லைங்க. வயசைக் குத்துமதிப்பா போட்டுக் குடுத்த கடிதாசியிலதான் அடையாள அட்டை எடுத்தோம்.”

பதிவாளர் கிருஷாந்தியைப் பார்த்தார். இரண்டு நாளாக அவள் கேட்காத ஆள் இல்லை. டெல்சிக்குத் தெரியாது. மாயாண்டிக்குத் தெரியாது. லயத்தில் அந்த வயதுக்காரர்கள் யாரும் மிச்சமில்லை. படத்தின் பின்பக்கம் வெறுமை. அந்தக் காலத்துச் செக்ரோல்கள், கம்பனி கைமாறிய வருடம், தொழிற்சாலை அடுப்பில் எரிந்து போயிருந்தன. அந்தப் பெயர் வேலாயிக்கு மட்டும் தெரிந்திருந்தது. வேறு ஒருத்தியிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

“நேத்தும் விளக்கமறியல் சிறைக்குப் போய் சுலக்ஷனாகிட்டக் கேட்டேன்,” என்றாள் கிருஷாந்தி. “மறந்துருச்சாம்.”

பதிவாளர் அந்தக் கட்டத்தில் ‘தெரியாது’ என்று எழுதி, அடுத்த கேள்விக்குப் போனார்.